ஓய்வு பெறும் முன் ஜம்போவில் ஒருமுறை: விசா முதல் ஜன்னல் சீட் வரை

ஜம்போ என்று அழைக்கப்படும், ஒவ்வொன்றாக ஓய்வு பெற்றுவரும் போயிங் 747-இல் ஒருமுறையாவது பறக்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறதா? "கடைசி விமானம் எப்போது என்று அறிவிக்கட்டும், அப்போது டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம்" என்று மட்டும் காத்திருக்காதீர்கள். பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2020 ஜூலையில் தன் ஜம்போக்கள் எல்லாவற்றையும் உடனடியாக நிறுத்துவதாக ஒரே அறிக்கையில் சொல்லிவிட்டது. அக்டோபர் 8 அன்று லண்டன் ஹீத்ரோவிலிருந்து கடைசி இரண்டும் கிளம்பியபோது உள்ளே பயணிகள் யாரும் இல்லை. ஏர் இந்தியாவின் ஜம்போ 2024 ஏப்ரலில் மும்பையை விட்டு அமெரிக்காவுக்குப் போனபோதும் அப்படித்தான். விற்றுவிட்ட விமானம், காலி இருக்கைகளோடு போனது. குவான்டாஸ் 2020 ஜூலையில் பிரியாவிடைச் சுற்றுப்பயணங்களுக்கு டிக்கெட் விற்றது உண்மைதான். ஆனால் ஆஸ்திரேலியா எல்லையை மூடி வைத்திருந்த நேரம் அது, நம்மால் போயிருக்கவே முடியாது.

ஆகவே, விழா எதுவும் இல்லாத ஒரு சாதாரண வேலைநாள் விமானத்தில் இப்போதே ஏறிவிடுவதுதான் புத்திசாலித்தனம். அதற்கு என்னென்ன வேண்டும் என்று தேடியபோது எல்லாம் ஆங்கிலத்தில், அமெரிக்க, ஐரோப்பிய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்காகவே எழுதப்பட்டிருந்தது. விசா, இனிஷியல், பேங்க் ஸ்டேட்மென்ட் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. நான் அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. எது யாரிடம் பறக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

747-இன் தயாரிப்பு முடிந்துவிட்டது. மொத்தம் 1,574 செய்தார்கள். கடைசி விமானம் 2023 ஜனவரி 31 அன்று அட்லஸ் ஏர் நிறுவனத்துக்குப் போனது, அதுவும் சரக்கு விமானம். இன்று வானில் நீங்கள் பார்க்கும் ஜம்போக்களில் பெரும்பாலானவை சரக்கு ஏற்றுபவை. நீங்களும் நானும் டிக்கெட் வாங்கி ஏறக்கூடிய பெரிய நிறுவனங்கள் லுஃப்தான்சா, கொரியன் ஏர், ஏர் சைனா என்று விரல்விட்டு எண்ணும் அளவுதான். கொரியன் ஏர் வாங்கிய பயணிகள் 747-8 பத்தில் ஐந்தை ஏற்கெனவே விற்றுவிட்டது.

நமக்கு நடைமுறையில் சரிப்பட்டு வருவது ஜெர்மனியின் லுஃப்தான்சா. ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து பெங்களூரு, தில்லி, மும்பைக்கு அது பல சீசன்களில் ஜம்போவை ஓட்டியிருக்கிறது. அதனிடம் இரண்டு ரகம் உண்டு. 747-400 பழையது, முதலில் போகப்போவதும் அதுதான். 747-8 புதியது, நீளம் 76 மீட்டருக்குச் சற்று மேல். தூரத்திலிருந்தே பிரித்தறிய இறக்கை நுனியைப் பாருங்கள். 400-இல் நுனி மேல்நோக்கி மடிந்து நிற்கும். 8-இல் மடிப்பு இருக்காது, பின்னோக்கிச் சரிந்து கூராக முடியும். எஞ்சின் உறையின் பின்விளிம்பு ரம்பப் பல் போல வெட்டியிருந்தால் அதுவும் 747-8.

இரண்டில் எதில் ஏறலாம் என்று கேட்டால், கிடைத்தால் 400 என்பேன். 747-8 இன்னும் சில ஆண்டுகள் இருக்கும். அது போகட்டும், நான்கு எஞ்சின் விமானம் எதுவானாலும் சரி என்பவர்களுக்கு ஏர்பஸ் ஏ340 உண்டு, அதுவும் விடைபெறும் வரிசையில்தான் நிற்கிறது. ஏ380-க்கு அவசரமில்லை. எமிரேட்ஸிடம் நிறைய இருக்கின்றன, பெங்களூருவுக்கும் மும்பைக்குமே வருகின்றன.

2. எந்த விமான எண்ணில் ஜம்போ வருகிறது என்று பிடியுங்கள்

நிறுவனத்தின் தளத்தில் தேதி போட்டுத் தேடுங்கள். விமான விவரத்தைத் திறந்தால் ரகம் போட்டிருக்கும். சில தளங்கள் மூன்றெழுத்துக் குறியீடு மட்டும் காட்டும்: 744 என்றால் 747-400, 74எச் என்றால் பயணிகள் 747-8.

அதோடு நிறுத்தாதீர்கள். ஃப்ளைட்ரேடார்24 போன்ற செயலியில் அந்த விமான எண்ணைப் போட்டுக் கடந்த ஒரு வாரத்தைப் பாருங்கள். இலவசக் கணக்கிலேயே இது கிடைக்கும். ஒவ்வொரு நாளும் வந்த விமானத்தின் பதிவெண் அங்கே இருக்கும். டி-ஏபிஒய் என்று தொடங்கினால் 747-8, டி-ஏபிவி என்று தொடங்கினால் 747-400. வாரம் முழுக்க ஒரே ரகம் வந்திருந்தால் நம்பலாம். நடுவில் ஒருநாள் ஏ340 அல்லது வேறு ஏதாவது எட்டிப் பார்த்திருந்தால் அது ஏன், எந்தக் கிழமை என்று கவனியுங்கள். டி-ஏபிஒய்டி (D-ABYT) என்று வந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம், அது 1970-களின் பழைய வண்ணம் பூசிய விமானம். ஆனால் எந்த விமானம் எந்த நாளில் வரும் என்பது முந்தைய நாள்வரை உறுதியாகத் தெரியாது. அதைக் குறிவைத்து டிக்கெட் எடுக்காதீர்கள்.

இங்கே பலர் விழும் குழி ஒன்று உண்டு. டிக்கெட்டில் லுஃப்தான்சா எண் இருக்கும், ஆனால் ஓட்டுவது கூட்டணியில் உள்ள வேறு நிறுவனமாக இருக்கும். 'இயக்குபவர்' என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும், அதைப் படித்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். டிராவல் ஏஜென்ட் "கண்டிப்பா ஜம்போதான் சார்" என்று சொன்னாலும் நீங்களே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அவருக்கு எல்லாப் பெரிய விமானமும் ஜம்போதான்.

3. தேதியை சீசனுக்குள் வையுங்கள்

விமான உலகில் வருடத்துக்கு இரண்டே சீசன். கோடை அட்டவணை மார்ச் கடைசி ஞாயிறன்று தொடங்கும், குளிர்கால அட்டவணை அக்டோபர் கடைசி ஞாயிறன்று. எந்தத் தடத்தில் எந்த ரகம் என்பது பெரும்பாலும் இந்த இரண்டு நாட்களில்தான் மாறும். இப்போது ஜம்போ வருகிறதே என்று பார்த்துவிட்டு அடுத்த சீசனுக்கு டிக்கெட் எடுத்தால் ஏமாற வாய்ப்பு அதிகம். போவதும் வருவதும் ஒரே சீசனுக்குள் இருக்கட்டும்.

கட்டணம் மே, ஜூன் பள்ளி விடுமுறையிலும் டிசம்பர் பின்பாதியிலும் எகிறும். செப்டம்பர், அக்டோபர் முதல் பாதி எனக்குப் பிடித்த காலம். ஜெர்மனியில் வெளிச்சமும் போதுமான நேரம் இருக்கும், கை விறைக்காமல் கேமரா பிடிக்கலாம்.

4. பெயரைச் சரிசெய்யுங்கள் (இதைத் தாண்டிப் போகாதீர்கள்)

வெளிநாட்டு வழிகாட்டிகள் எதிலும் இல்லாத தமிழ்நாட்டுத் தலைவலி இது. நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் சிலருக்குக் குடும்பப்பெயர் இடம் காலியாக இருக்கும். சிலருக்கு அப்பா பெயர் அங்கே உட்கார்ந்திருக்கும். பேங்க்கில் 'எஸ். முருகன்', ஆதாரில் 'முருகன் எஸ்', பாஸ்போர்ட்டில் 'முருகன் செல்வம்'. மூன்றும் ஒரே ஆள்தான் என்பது நமக்குத் தெரியும், விசா அதிகாரிக்குத் தெரியாது.

முதல் விதி: டிக்கெட், இன்ஷூரன்ஸ், ஹோட்டல், விசா விண்ணப்பம் நான்கிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர். இனிஷியலை நீங்களாக விரிக்கவோ சுருக்கவோ கூடாது. குடும்பப்பெயர் காலியாக இருந்தால் டிக்கெட் தளம் அந்தப் பெட்டியை நிரப்பச் சொல்லி அடம்பிடிக்கும். சில நிறுவனங்கள் அதே பெயரை இரண்டு பெட்டியிலும் போடச் சொல்வார்கள், சிலருக்கு வேறு முறை இருக்கும். பணம் கட்டும் முன் வாடிக்கையாளர் சேவையில் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் போட்ட பிறகு பெயர் திருத்துவது செலவு, சில சமயம் முடியவே முடியாது.

பேங்க் ஸ்டேட்மென்ட்டில் பெயர் வேறு வடிவில் இருந்தால் கவரிங் லெட்டரில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: "'எஸ்' என்பது என் தந்தையின் பெயரான செல்வத்தின் முதலெழுத்து, இரண்டும் என்னையே குறிக்கும்." நேரம் இருந்தால் பேங்க்கிலேயே பெயரை மாற்றிக்கொள்வது இன்னும் நல்லது. கிளையைப் பொறுத்து ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆகும்.

5. விசா: ஆவணம், செலவு, நாட்கள்

ஜெர்மனிக்கு ஷெங்கன் சுற்றுலா விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். முடிவு வழக்கமாக 15 நாளில் வரும், கூடுதல் விசாரணை என்றால் 45 நாள் வரை இழுக்கலாம். ஆனால் உண்மையான தாமதம் அங்கே இல்லை, விண்ணப்பத்தை வாங்கும் வி.எஃப்.எஸ். மையத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதில்தான் இருக்கிறது. கோடை விடுமுறைக்கு முந்தைய மாதங்களில் தேதியே காட்டாது. பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே உட்கார்ந்து தேதி பிடித்துவிடுங்கள்.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்கு உள்பட்ட பிள்ளைகளுக்கு 45. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் இரண்டும் திரும்ப வராது. மையத்தில் பிரீமியம் லவுஞ்ச், எஸ்.எம்.எஸ்., கூரியர், போட்டோ என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். கூரியர் தவிர எதுவும் அவசியமில்லை. லவுஞ்சுக்குப் பணம் கட்டினால் விசா சீக்கிரம் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முடிவெடுப்பது தூதரகம், மையம் அல்ல.

பாஸ்போர்ட் கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஷெங்கன் பகுதியை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். அப்புறம் 35-க்கு 45 மில்லிமீட்டர் அளவில் போட்டோ. தெருமுனை ஸ்டூடியோவில் "ஷெங்கன் விசா போட்டோ" என்றே சொல்லுங்கள், பாஸ்போர்ட் சைஸ் என்றால் வேறு அளவில் எடுத்துவிடுவார்கள். மருத்துவ இன்ஷூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றுக்கும் செல்லுபடியாக. மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட், சம்பளச் சீட்டு, வருமான வரி ரிட்டர்ன், வேலை பார்க்கும் இடத்திலிருந்து லீவ் அனுமதிக் கடிதம். சொந்தத் தொழில் என்றால் ஜி.எஸ்.டி. பதிவு போன்றவை.

ஸ்டேட்மென்ட்டில் விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் திடீரென ஒரு பெரிய தொகை வந்து உட்கார்ந்தால் அது உதவாது, சந்தேகத்தைத்தான் கிளப்பும். மச்சானிடம் கைமாற்று வாங்கிக் கணக்கில் காட்டும் பழக்கம் இங்கே எடுபடாது. சேமிப்பு எஃப்.டி.யில் இருந்தால் அந்த ரசீதை இணையுங்கள், உடைக்க வேண்டாம்.

இனி நம்மவர்களுக்கே உரிய சிக்கல்: "எதற்குப் போகிறீர்கள்?" "விமானம் பார்க்க." இதை நேர்முகத்தில் சொன்னாலும் கடிதத்தில் எழுதினாலும் எதிராளி புருவத்தை உயர்த்துவார். மறைக்கத் தேவையில்லை, விவரமாக எழுதுங்கள். எந்தத் தேதியில் எந்த அருங்காட்சியகம், எந்த ஊரில் தங்கல், எந்த ரயில் என்று நாள்வாரியாக ஒரு பக்க அட்டவணை போதும். "ஃபிராங்க்ஃபர்ட் சுற்றிப் பார்த்தல்" என்று ஏழு நாளும் ஒரே வரியைப் போடுவதைவிட, "ஸ்பையர் தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் போயிங் 747" என்று எழுதுவது எவ்வளவோ நம்பகமாக இருக்கும்.

பிரான்ஸுக்கும் போகிறீர்கள் என்றால் இரவுகளை எண்ணிக்கொள்ளுங்கள். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். துலூஸில் நான்கு இரவு, ஜெர்மனியில் மூன்று இரவு என்றால் பிரான்ஸ் விசா. விமானம் ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்குகிறது என்பதற்காக ஜெர்மனியிடம் கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மறுக்கப்பட்டால்? ஜெர்மன் தூதரகங்களில் முன்பு இலவசமாக மேல்முறையீட்டுக் கடிதம் எழுதும் வசதி இருந்தது. 2025 ஜூலை 1 முதல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது குறையைச் சரிசெய்து, மறுபடி பணம் கட்டிப் புதிதாக விண்ணப்பிப்பதுதான் நடைமுறை வழி. முதல் முறையே ஒழுங்காகக் கொடுங்கள் என்று அழுத்திச் சொல்வது இதனால்தான்.

ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்காமல் வேறு நாட்டுக்கு மாறிப் போகலாமே என்று சிலர் கேட்பார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஜெர்மனி விமான நிலைய ட்ரான்சிட் விசா கேட்டுவந்தது. 2026 ஜனவரியில் அதை நீக்குவதாக அறிவிப்பு வந்தது. டிக்கெட் எடுக்கும் நாளில் தூதரகத் தளத்தில் நிலவரம் பார்த்துக்கொள்ளுங்கள், பழைய பதிவுகளை நம்பாதீர்கள்.

6. டிக்கெட்டை எப்போது வாங்குவது

விசாவுக்கு டிக்கெட் முன்பதிவு காட்ட வேண்டும், பணம் கட்டி முடித்த டிக்கெட் கட்டாயமில்லை. ஆகவே விசா கைக்கு வரும்வரை பணம் திரும்பாத மலிவுக் கட்டணத்தில் வாங்காதீர்கள். ஒன்று, கட்டணம் செலுத்தாமல் சில நாள் பிடித்து வைக்கும் முன்பதிவை ஏஜென்ட் மூலம் எடுக்கலாம். அல்லது, ரத்து செய்தால் பெரும்பகுதி திரும்பும் கட்டணத்தில் வாங்கிவிடலாம். இணையத்தில் முந்நூறு, ஐந்நூறு ரூபாய்க்கு 'விசாவுக்கான டிக்கெட்' தருபவர்கள் உண்டு. அதில் பாதி வெறும் காகிதம். தூதரகம் சரிபார்த்தால் எண் இருக்காது, மாட்டிக்கொள்வது நீங்கள்.

சென்னையிலிருந்து கிளம்புபவர்கள் ஜம்போ ஏற பெங்களூரு வரை போகும் விமானத்தைத் தனி டிக்கெட்டாக எடுத்தால், அது தாமதமானாலும் ஜம்போ உங்களுக்காகக் காத்திருக்காது, பணமும் போகும். தனியாகத்தான் எடுக்கப்போகிறீர்கள் என்றால் ஒருநாள் முன்பே போய்விடுங்கள், அல்லது பகலிலேயே ரயில் ஏறிவிடுங்கள். ஐரோப்பா விமானங்கள் பெரும்பாலும் நள்ளிரவு தாண்டித்தான் கிளம்பும், அதனால் மாலைக்குள் போய்ச் சேர்ந்தால் போதும்.

7. சீட் தேர்வு

பணம் ஒரு பொருட்டல்ல என்பவர்களுக்கு: மேல்தளம் முழுக்க பிசினஸ் வகுப்பு, படியேறிப் போக வேண்டும். ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் 747-400-இன் மூக்கைக் குறிவைப்பார்கள். லுஃப்தான்சாவின் 400-இல் முதல் வகுப்பு கிடையாது, அதனால் மூக்குப் பகுதியும் பிசினஸ் வகுப்பில் வருகிறது. விமானியின் அறை மேலே இருப்பதால் கீழே இருக்கும் நீங்கள் அவருக்கும் முன்னால் உட்கார்ந்திருப்பீர்கள். 747-8-இல் அந்த இடம் முதல் வகுப்பு, எட்டே இருக்கை, அந்த விலையை நான் சொல்லப்போவதில்லை.

எகானமியில் வரிசைக்கு 3-4-3. என் பரிந்துரை இறக்கைக்குச் சற்றுப் பின்னால், ஜன்னல் பக்கம். காரணம் தரையிறங்கும்போது தெரியும். 747-400-இன் இறக்கைப் பின்விளிம்பு ஒரே தகடாக இறங்காது. மூன்று அடுக்காகப் பிரிந்து, ஒன்றின் பின்னால் ஒன்றாக நீண்டு வளைந்து, இடையிடையே கீழே ஜெர்மன் வயல்கள் தெரியும் அளவுக்கு இடைவெளி விட்டு விரியும். மோட்டார் சுழலும் முனகலும் காதில் விழும். இவ்வளவு சிக்கலான அமைப்பைப் புதிய விமானங்களில் பார்க்க முடியாது, 747-8-இலேயே அதை எளிமையாக்கிவிட்டார்கள். எஞ்சின்களின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றால் இறக்கைக்கு முன்னால் உட்கார வேண்டும், ஆனால் அங்கே எகானமி இருக்கைகள் அரிது.

தம்பதியாகப் போனால் வால் பக்கம் பாருங்கள். அங்கே உடல் குறுகுவதால் கடைசிச் சில வரிசைகளில் ஜன்னல் ஓரம் மூன்றுக்குப் பதில் இரண்டே இருக்கை. மூன்றாமவரைத் தாண்டிப் போகும் தொல்லை இல்லை. கழிவறை வரிசை பக்கத்திலேயே நிற்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போகும்போது இருட்டில் கிளம்பி ஃபிராங்க்ஃபர்ட்டில் காலை வெளிச்சத்தில் இறங்குவீர்கள். திரும்பும்போது பகலில் ஏறுவீர்கள் என்றால் சூரியன் தெற்கே, அதாவது வலப்பக்கம் அடிக்கும். படம் எடுக்க இடப்பக்கம், 'ஏ' இருக்கை. சீட் கட்டணத்தை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். இவ்வளவு தூரம் செலவழித்துவிட்டு நடு இருக்கையில் மாட்டிக்கொள்வதில் அர்த்தமில்லை.

8. விமானம் மாறிவிட்டால்

மாறலாம். எந்த நிறுவனத்தின் பயண ஒப்பந்தமும் குறிப்பிட்ட ரக விமானத்துக்கு உறுதி தராது. ரகம் மாறியதற்காகப் பணம் திருப்பிக் கேட்க உரிமை கிடையாது, சண்டை போட்டுப் பயனில்லை. நீங்கள் செய்யக்கூடியது மூன்று. டிக்கெட் எடுத்த பிறகும் வாரம் ஒருமுறை முன்பதிவைத் திறந்து சீட் வரைபடத்தைப் பாருங்கள், திடீரென 2-4-2 என்று மாறியிருந்தால் விமானம் மாறிவிட்டது. நேரமும் சேர்ந்து மாறியிருந்தால் பெரும்பாலும் கட்டணமில்லாமல் வேறு நாளுக்கு மாற்றித் தருவார்கள், உடனே போன் செய்யுங்கள். மூன்றாவது, போவது வருவது இரண்டையுமே ஜம்போ தடத்தில் வையுங்கள். ஒன்று போனாலும் இன்னொன்று மிஞ்சும்.

9. பயண நாள்: கேமராவும் எல்லைகளும்

உதிரி பேட்டரிகள் கைப்பையில் மட்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. விமானத்துக்குள் உங்கள் ஜன்னல் வழியாகப் படம் எடுப்பதில் பிரச்சினை இல்லை, ஆனால் பணியாளர்கள் போதும் என்றால் போதும். நம் நாட்டில் ராணுவத்துக்குச் சொந்தமான ஓடுதளங்களில் கேமராவைத் தொடாதீர்கள். புனே, விசாகப்பட்டினம், கோவாவின் டபோலிம் எல்லாம் அந்த வகை.

விமான நிலைய மதிலோரம் நீள லென்ஸுடன் நிற்பது இங்கே இன்னும் சந்தேகத்துக்குரிய செயல்தான். 2010-இல் தில்லி விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டலில் தங்கி விமானம் பார்த்த இரண்டு பிரிட்டிஷ்காரர்கள் கைதே ஆனார்கள். விமானிகளின் ரேடியோ பேச்சைக் கேட்கும் ஸ்கேனர் இந்தியாவில் வேண்டவே வேண்டாம். ஜெர்மனியிலும் அதைக் கேட்பது சட்டப்படி கூடாது, பார்வை மேடையில் யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்களே என்று நீங்களும் ஆரம்பிக்காதீர்கள்.

மேல்தளத்தையும் விமானி அறையையும் பார்க்க ஆசைப்பட்டால், பறக்கும்போது கேட்காதீர்கள். இறங்கிய பிறகு, கூட்டம் வெளியேறும்வரை சீட்டிலேயே இருந்து, பணிப்பெண்ணிடம் பணிவாகக் கேளுங்கள். பல சமயம் "இரண்டு நிமிடம்" என்று அனுமதி கிடைக்கும், கிடைக்காவிட்டால் நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். பாதுகாப்பு அட்டை வேண்டுமானாலும் கேட்டு வாங்குங்கள். இருக்கைக்கு அடியில் இருக்கும் உயிர்காப்பு உடையை நினைவுப்பொருளாக எடுப்பவர்கள் உண்டு. அது திருட்டு என்பது ஒருபுறம், அடுத்து அங்கே உட்காருபவருக்கு அது இருக்காது.

10. ஃபிராங்க்ஃபர்ட்டில் நின்று பார்க்க

ஃபிராங்க்ஃபர்ட்டில் இதற்கென்றே மேடைகள் கட்டி வைத்திருக்கிறார்கள், போலீஸ் வந்து கேட்கமாட்டார். செப்பெலின்ஹைம் நல்ல இடம். ஏ5 நெடுஞ்சாலையை ஒட்டிய மேடை, அதே பெயர் கொண்ட எஸ்-பான் (புறநகர் ரயில்) நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். மேற்குக் காற்று வீசும் நாட்களில் விமானங்கள் கிழக்கிலிருந்து இறங்கும், அப்போது ஜம்போக்கள் தலைக்கு அருகே வரும். காற்று திசை மாறினால் அங்கே நிற்பது வீண். மேற்கு ஓடுதளம் எனப்படும் 18-இன் ஓரத்திலும் ஒரு பார்வை மேடை உண்டு. அந்த ஓடுதளத்தில் தெற்கு நோக்கிப் புறப்பாடு மட்டும்தான், இறங்குவது கிடையாது. முனையத்துக்கு உள்ளேயே உள்ள பார்வையாளர் மாடம் சில காலம் மூடியிருக்கும், போகும் முன் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

11. ஓய்வு பெற்றவற்றின் மேல் ஏறி நடக்க

இரண்டு நாள் ஒதுக்குங்கள். ஸ்பையர் அருங்காட்சியகத்தில் லுஃப்தான்சாவின் பழைய 747-200 ஒன்றை இருபது மீட்டர் உயரத்தில் தூண்கள் மேல் நிறுத்தியிருக்கிறார்கள். படியேறி உள்ளே போகலாம், இறக்கையின் மேல் நடக்கலாம். நடக்கும்போது காலடித் தகடு லேசாக அதிர்வது தெரியும். ஓடுதளத்தில் நிற்கும்போது நாம் ஒருபோதும் நெருங்க முடியாத இடம் அது. ஜின்ஸ்ஹைம் ஊரின் அருங்காட்சியகத்தில் கூரைமேல் கான்கார்டும், சோவியத்தின் டியூ-144-உம் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஒலியை விஞ்சிப் பறந்த இரண்டு பயணிகள் விமானங்களையும் சேர்த்துப் பார்க்க உலகில் வேறு இடம் இல்லை. உள்ளே போனதும் கான்கார்டு எவ்வளவு குறுகல் என்று ஆச்சரியப்படுவீர்கள். செங்குத்தான படிகள், முட்டி வலி உள்ள பெரியவர்களை அழைத்துப் போனால் யோசியுங்கள்.

இரண்டும் ஒரே நிர்வாகம், வருடத்தின் 365 நாளும் திறந்திருக்கும். இரண்டுக்கும் சேர்த்த டிக்கெட் எடுத்தால் மிச்சம். ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து மன்ஹைம் வரை விரைவு ரயில், அங்கிருந்து ஸ்பையருக்கு எஸ்-பான். ஜின்ஸ்ஹைமுக்கு ஹைடெல்பெர்க் வழியாக எஸ்-பான், அருங்காட்சியகத்துக்கென்றே தனி நிறுத்தம் இருக்கிறது. மாதச் சந்தாவான டாய்ச்லாண்ட் டிக்கெட் எடுத்தால் எஸ்-பானுக்கும் வட்டார ரயிலுக்கும் போதும், ஐ.சி.இ. விரைவு ரயிலில் செல்லாது. அது சந்தா என்பதை மறக்காதீர்கள். அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதப் பணமும் கார்டிலிருந்து போய்விடும்.

12. திரும்பி வந்த பிறகு

போர்டிங் பாஸ், ஹோட்டல் ரசீது, அருங்காட்சியக டிக்கெட் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வையுங்கள். சொன்ன தேதியில் போய்ச் சொன்ன தேதியில் திரும்பினீர்கள் என்பதற்கு அடுத்த விசாவில் அவை உதவும். விசாவுக்காகக் கொடுத்த கைரேகை 59 மாதம் கணினியில் இருக்கும். 2024 ஏப்ரலில் வந்த விதிப்படி, மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு ஷெங்கன் விசாவைச் சரியாகப் பயன்படுத்திய இந்தியர்களுக்கு இரண்டு ஆண்டு, பலமுறை போய்வரும் விசா கிடைக்க வழி இருக்கிறது. அது கையில் இருந்தால், ஏதாவதொரு நிறுவனம் திடீரென்று கடைசித் தேதியை அறிவித்தாலும் அப்பாயின்ட்மென்ட்டுக்காகத் தவம் கிடக்காமல் டிக்கெட் மட்டும் எடுத்தால் போதும்.

இந்த ஆண்டு பணமோ லீவோ அமையவில்லை என்றால், சென்னைக்குச் சரக்கு ஜம்போக்கள் இன்னும் வந்துபோவதுண்டு. கார்கோலக்ஸ், கேத்தே பசிபிக் இரண்டையும் செயலியில் குறித்து வையுங்கள். வரும் நேரம் தெரிந்தால் பரங்கிமலை உச்சிக்குப் போங்கள், வெறும் கண்ணுக்கே மேல்தளத்தின் திமில் தெரியும். நீள லென்ஸை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள், தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.